தபாலில் போன கொசு முட்டைகள்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

போனில் பேசினால் நான் பாதியில் வைத்துவிடுகிறேன் என்று உனக்குக் கோபம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரன்தான். ஆனால் வைத்தேன். பாதியில் மடித்து டிராயரில் போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

உறைக்குள்ளிருந்து பழுப்புக் காகிதப் பட்டைகள் விழுந்தன. தண்ணீர் டிரம்முக்குள், பாதி நனைகிற மாதிரி கிளிப் போட்டு வைக்க வேண்டுமாம். கொசு வந்து முட்டையிடுமாம். காயவைத்து உன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். அக்காவிடம் சட்டை கேட்கிற தம்பியைப் பார்த்திருக்கிறேன். கொசு முட்டை கேட்கிற தம்பியை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. டிரம் விற்கிற என் கடைக்கு வாசல் பலகை கூடக் கிடையாது, அந்த ஐந்து டிரம்தான் விளம்பரம். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நிரப்பிய தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் மேலே எழுதி வைத்திருப்பேன். வருகிறவரிடம் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடியில் தரையைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். காய்ந்து கிடக்கும், ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. அவ்வளவுதான் வியாபாரம். சைக்கிள் கேரியரில் ஒற்றை டிரம்மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த நாளிலிருந்து இதுதான் என் வழி. போன தடவை நீ வந்தபோது அந்த வாசல் டிரம்களில் இரண்டை, விடுதி கட்டுகிறவர் முன்னாலேயே கவிழ்த்துவிட்டு, "இதுல புழு நெளியுது, வாங்காதீங்க" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே போனவர், திரும்பி வரவில்லை.

அது போகட்டும். இப்போது எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர், உன் மாமா, இரண்டு வருஷம் கழித்து ஏப்ரலில் வருகிறார். அவர் வேலை பார்க்கிற நாட்டில் ஜிகா காய்ச்சல் இருக்கிறது, அதனால் அவர் வருவதற்குள் டிரம்களைக் கவிழ்த்துவிடு, இல்லாவிட்டால் அவரை வீட்டுக்குள் விடாதே என்கிறாய். என் மகள் உண்டாகியிருக்கிறாள் என்பதால் சொல்கிறாயாம். அவள் அதைப் பெற்றவளுக்கு முன்னால் உனக்குச் சொன்னாள் என்பதையும் இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதை அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஏண்டா, காய்ச்சல் அங்கே, கொசு இங்கே. அந்த நாட்டுக் கொசு டிக்கெட் எடுத்து விமானத்தில் வருமா? என் வாசல் கொசு நான் பிறந்ததிலிருந்து என்னைக் கடிக்கிறது. அதற்குத் தெரிந்த நோயெல்லாம் எனக்கும் தெரியும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறாய்.

சரி, வியாபாரமாகப் பேசுவோம். பட்டைகளை வைக்கிறேன். என் வாசல் கொசுவால் அந்த வெளிநாட்டுக் காய்ச்சலைச் சுமக்க முடியும் என்று என் கொசுவை வைத்தே காட்டு. காட்டிவிட்டால் ஐந்து டிரம்மையும் நானே கவிழ்க்கிறேன். காட்ட முடியாவிட்டால் நீ வந்து, அந்த விடுதிக்காரரைக் கூட்டி வந்து, என் டிரம்மில் ஒரு குறையும் இல்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

சம்மதமா?

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

சம்மதம்.

உறை வந்தது. தபால்காரர் அதைக் கொஞ்சம் கசக்கியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஏழு பட்டையில் ஆறில் முட்டைகள். நீ "ஏதோ கரி ஒட்டியிருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதுதான். ஒவ்வொரு கரித்துகளும் ஒரு முட்டை.

எனக்கு இது பழகிய வேலை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் போடும்போது கை கொஞ்சம் நிதானிக்கும். காகிதம் போலக் காய்ந்து, உறைக்குள் நசுங்கி, இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தவை. மாதக்கணக்கில் இப்படியே கிடக்கும். தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்ளும். நேற்றுக் காலை போட்டேன். மதியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி புழுக்கள் நீந்துகின்றன. உன் வாசலில் பிறக்க வேண்டியவை என் மேசையில் பிறந்திருக்கின்றன.

நீ கேட்ட கேள்வி நியாயமானது. அந்த நாட்டுக் கொசு வர வேண்டியதில்லை, அக்கா. ஆள் வந்தால் போதும். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பலருக்குக் காய்ச்சலே வராது, வந்தாலும் லேசாக. அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கிற அந்தச் சில நாட்களில் உன் வாசல் கொசு ஒன்று அவரைக் கடித்தால்... கடித்ததும் அது நோயைப் பரப்பிவிடாது. கொசுவுக்குள் வைரஸ் பிழைக்க வேண்டும். பெரும்பாலான வைரஸ்கள் பிழைப்பதில்லை. சில கொசு இனங்களில் பிழைக்கும், சிலவற்றில் பிழைக்காது. ஒரே இனத்தில் கூட ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அதனால்தான் உன் வாசல் கொசுவே வேண்டும் என்றேன்.

முடிவு தெரிய ஏப்ரல் ஆகும். அவசரப்படுத்த முடியாது.

வாண்டுவைத் திட்டாதே. உன் மகள் என்னிடம் முதலில் சொன்னது, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பதற்காக. நீ கடையில் கத்துகிற சத்தத்தில் யாருக்கும் நல்ல செய்தி சொல்ல வராது.

தம்பி

மார்ச் 2

கொசுக்காரா,

நான் கத்துவதில்லை. என் குரல் அப்படி. தெருவில் விற்றுப் பழகிய குரல்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு காலையில் கடை திறந்ததும் முதல் டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. தையல்காரர் எதிர்க்கடையிலிருந்து, "என்னம்மா, முகம் பாக்கறீங்களா?" என்று கேட்கிறார். ஆமாம், வயசாகிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

இன்று ஒன்றைக் கண்டேன். தண்ணீர் மேலே காற்புள்ளி மாதிரி வளைந்து ஒரு கூடு மிதந்துகொண்டிருந்தது. அதன் முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து ஒரு கொசு மெல்ல மெல்ல எழுந்து, தான் கழற்றிப்போட்ட தோலின் மேலேயே ஓடத்தில் நிற்கிற மாதிரி நின்றது. கால்களில் வெள்ளை வளையம். இறக்கை ஈரமாக ஒட்டிக் கிடந்தது. நான் மூச்சு விட்டால் கவிழ்ந்துவிடும் என்று பட்டது. அதனால் விடவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றுகொண்டிருந்தார், கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். இறக்கை காய்ந்ததும் எழும்பிப் போய்விட்டது. என் வாழ்க்கையில் ஒரு கொசுவுக்காக ஆளை நிறுத்தி வைத்தது இதுதான் முதல்முறை.

இத்தனை வருஷம் நான் விற்ற டிரம்முக்குள் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

நீ சொன்னதை யோசித்தேன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், சரியா பார். வெளிநாட்டுச் சரக்கு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இறக்கிய இடத்திலேயே கிடந்தால் யாருக்கும் போய்ச் சேராது. அதை எடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோக இந்த ஊர் ஆள் ஒருத்தன் வேண்டும். சந்து பொந்து தெரிந்தவன், வீட்டுக்கு வீடு போகிறவன், யாரும் சந்தேகப்படாதவன். அந்த ஆள் என் வாசலில் இருக்கிறான் என்கிறாய். ஆனால் எல்லா ஆளும் எல்லாச் சரக்கையும் எடுப்பதில்லை. எடுப்பானா மாட்டானா என்பதைத்தான் நீ பார்க்கிறாய்.

மாட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். பந்தயம் பந்தயம்தான்.

உன் மாமா டிக்கெட் போட்டுவிட்டார். ஏப்ரல் பன்னிரண்டு. நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு நான் வர்றது பிடிக்கலேன்னா நேரா சொல்லச் சொல்லு, கொசு மேல ஏன் பழி போடறான்" என்கிறார்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

ஆள் இல்லை, அவள். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டைக்காக. மற்றபடி உன் கணக்கு எங்கள் பாடப்புத்தகத்தை விட நன்றாக இருக்கிறது. எங்கள் துறைத் தலைவி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவை இங்க அனுப்புங்க, நீங்க கடையைப் பாத்துக்கங்க" என்றார்.

இந்த வாரம் உன் கொசுக்களுக்கு விருந்து வைத்தோம். இரண்டு கதவு தாண்டிய அறை. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்ளே போக உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. மெல்லிய சவ்வுக்கு அடியில், உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய ரத்தம். அதில் அந்த நாட்டிலிருந்து வந்த வைரஸ். சூடு தெரிந்ததும் கொசுக்கள் வந்து சவ்வில் உட்கார்ந்து குடித்தன. அவற்றுக்கு அது ஒரு மனிதரின் கை, அவ்வளவுதான். வயிறு சிவந்து உருண்டதும் விலகிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டன.

இனி காத்திருப்பு. அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். வைரஸ் முதலில் அவள் குடலின் சுவருக்குள் நுழைய வேண்டும். நுழைந்தாலும் அங்கேயே அடைபட்டுக்கொள்ளலாம். தப்பித்து உடம்புக்குள் பரவினாலும், எச்சில் சுரக்கிற இடத்துக்குள் போக முடியாமல் நிற்கலாம். ஒவ்வொன்றும் ஒரு மதில். இதெல்லாம் ஒரு கடுகுக்குள் நடக்கிறது. அவளுக்கு வலிப்பதாகவோ நோய் வந்ததாகவோ ஒரு அறிகுறியும் தெரியாது. ஒரு வாரமோ, பத்து நாளோ, அதற்கு மேலோ. அது வரை அவள் உயிரோடும் இருக்க வேண்டும். பல்லி, சிலந்தி, உன் கை எல்லாம் தப்பி.

இவ்வளவு கஷ்டமான பாதையை ஒரு வைரஸ் எப்படிக் கடக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியம்தான். முதல்முறையாக இந்தத் தடவை அது தோற்க வேண்டும் என்று இருக்கிறது. நான் விஞ்ஞானி, அப்படி நினைக்கக் கூடாது. பந்தயத்தில் நீ ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம். விடுதிக்காரர் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 3

அக்கா,

நீ தோற்றுவிட்டாய்.

உன் கொசுக்களில் ஒவ்வொன்றின் வாயையும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் விட்டோம். எச்சில் விட்டன. அந்த எச்சில், துளி என்று சொல்லக் கூட முடியாது, கண்ணாடியில் மூச்சு பட்ட ஈரம் மாதிரி. அதை உயிருள்ள செல்கள் பரப்பிய தட்டில் வைத்தோம். சில நாள் கழித்துத் தட்டைச் சாயத்தில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தால், சில தட்டுகள் முழுசாக இருக்கின்றன. சிலவற்றில் வட்ட வட்டமாக ஓட்டை. அந்த இடத்தில் செல்கள் செத்துவிட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொசுவின் எச்சிலில் வைரஸ் உயிரோடு இருந்தது.

அந்த வைரஸ் உன் தெருவை இதுவரை பார்த்ததில்லை. உன் கொசு அந்த வைரஸைப் பார்த்ததில்லை. இருவரும் முதல்முறையாகச் சந்தித்தார்கள், ஒருவருக்கொருவர் பழகியவர்கள் போல நடந்துகொண்டார்கள். 

மாமா வரட்டும். நான் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். ஆனால் மூன்று வாரம் அவரைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகலிலும் வலை. ஜன்னலுக்குக் கம்பி வலை. வாண்டு அந்த வீட்டில் இருக்க வேண்டாம். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது தொடும், தலை சிறுத்துப் பிறக்கலாம்.

இன்னொன்று, இந்த வைரஸ் கொசு இல்லாமல் இன்னொரு வழியிலும் பரவும். அதை அக்காவுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. துறைத் தலைவி அம்மா தனித் துண்டுத்தாளில் எழுதித் தந்திருக்கிறார். இணைத்திருக்கிறேன். நீயும் மாமாவும் மட்டும் படிக்கவும்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பி,

துண்டுத்தாளைப் படித்தோம். உன் மாமா சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. இந்த வயதில் எங்களைப் பற்றி உனக்கு வந்த கவலையை நினைத்து எனக்கும் சிரிப்புதான். ஆனால் சொன்னபடி நடக்கிறோம், போதுமா.

பந்தயத்தில் தோற்றால் தோற்றதுதான். உன் கடிதம் வந்த அன்றே ஐந்து டிரம்மையும் கவிழ்த்தேன், சந்தைக்கு ஆள் வருகிற நேரத்தில், எல்லாரும் பார்க்க. தையல்காரர் ஓடி வந்து கடையைக் காலி பண்ணுகிறேனா என்று கேட்டார். இல்லை, குடியிருந்தவங்களைக் காலி பண்றேன் என்றேன். உள்ளேயெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். நீ சொன்னபடி, தண்ணீரைக் கொட்டினால் போதாது, விளிம்பில் ஒட்டிய முட்டை போகாதே.

இப்போது வாங்க வருகிறவர் முன்னால்தான் குழாய் போட்டு நிரப்புகிறேன். பார்த்து, தட்டி, அடியில் தொட்டு முடித்ததும் அவர் முன்னாலேயே கவிழ்க்கிறேன். முன்னை விட நன்றாகப் போகிறது. கவிழ்க்கிறபோது கூட்டம் கூடுகிறது. இருபது வருஷம் பேசாமல் விற்றவள் இப்போது வித்தைக்காரி ஆகிவிட்டேன்.

பிறகு தெருவுக்கு இறங்கினேன். தையல்காரரின் பின்கட்டில் பழைய தொட்டி. டயர் கடைக்காரரிடம் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு டயரும் ஒரு குளம். அவரிடம் நோய் கீய் என்று பேசினால் காது கேட்காது. உன் டயரை விட என் டிரம்முக்கு விளம்பரம் அதிகம், ஏன் தெரியுமா, வாசல் சுத்தம் என்றேன். மறுநாளே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். போட்டி என்றால் அவருக்கு ரத்தம் ஓடும்.

உன் மாமா வந்தார். திடமாகத்தான் இருந்தார், மெலிந்திருந்தார். மூன்றாம் நாள் லேசாகக் காய்ச்சல், கண் சிவந்தது, நெஞ்சிலும் முதுகிலும் தடிப்பு. விமானத்தில் தூங்கவில்லை, அதனால்தான் என்கிறார். நான் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.  அங்கிருந்து வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மாடிக் கிடங்கு அறையில் கட்டில் போட்டு, வலை கட்டி, பகல் முழுக்க அதற்குள் இருத்திவிட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவனைக் கூண்டுல போட்டிருக்கா, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வருது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புகார் செய்கிறார்.

மகளை மருமகனின் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன், நாலாவது மாடி, கொசு குறைவு. நேற்று அவள் சொல்லாமல் வந்து நின்றாள். நான் கிடங்குக் கதவருகில் மறித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவை ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்கறேன். ஒரு கொசுவுக்காக வாசல்ல நின்னு பேசணுமா?"

"உன் வயித்துல இருக்கறதுக்கு இன்னும் நடக்கத் தெரியாது. அதுக்காக நீ நட."

அழுதாள். அவர் வலைக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்து, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். போனாள்.

அவள் போன பிறகு அவருக்குத் தண்ணீர் கொடுக்க வலையைத் தூக்கினேன். உள்பக்கத்திலிருந்து ஒரு கொசு என் கையை உரசிக்கொண்டு வெளியே போனது. காலில் வெள்ளை வளையம். வயிறு மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது. இரண்டு கையாலும் அடித்தேன். கிடைக்கவில்லை.

அது இப்போது இந்த வீட்டில் எங்கோ இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

போனில் சொன்னதையே எழுதுகிறேன், சுவரில் ஒட்டி வைத்துக்கொள். அதோடு கொசு பிடிக்கிற உறிஞ்சுக் குழலும் பொறிகளும் இன்று பஸ்ஸில் வருகின்றன, மருமகனை நிலையத்துக்கு அனுப்பு.

வலையிலிருந்து தப்பியவள் வெகுதூரம் போக மாட்டாள். வயிறு நிறைந்தவள் இருட்டில் ஒதுங்கி உட்காருவாள். கட்டிலுக்கு அடியில், தொங்குகிற துணிக்குப் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், ஆள் மட்டத்துக்குக் கீழே. கருப்பு நிறம் பிடிக்கும். தேடும்போது விசிறி வேண்டாம். பிடித்தால் நசுக்காதே. டப்பாவில் போட்டு உடனே உறைபெட்டியில் வை.

முந்தாநாள் அந்தக் கொசு வாண்டுவுக்கு அருகில் பறந்திருந்தாலும் பயமில்லை. அவளிடம் அப்போது இருந்தது குடித்த ரத்தம் மட்டும். மதில்கள் எல்லாம் இன்னும் மிச்சம் இருக்கின்றன. நமக்கு ஒரு வாரம் இருக்கிறது, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். குறையவும் செய்யலாம், இந்த வெயிலில்.

மாமாவின் முடிவு வந்துவிட்டது. ஜிகாதான்.

நான் வரவா?

தம்பி

ஏப்ரல் 24

தம்பி,

வர வேண்டாம். உன் வேலை அங்கே. கீழே படி, ஏன் என்று புரியும்.

ஐந்து நாள் இந்தக் கிடங்கில் நானும் மருமகனும் தவழ்ந்தோம். டிரம், மூடி, குழாய்ச் சுருள், ஒன்று விடாமல் இறக்கி, விளக்கடித்து, ஏற்றினோம். அவனுக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டே தேடினான். பொறியில் ஈயும் அந்துப்பூச்சியும் விழுந்தன. சுகாதார அலுவலகத்தார் தெரு முழுக்கப் புகை போட்டார்கள். அதில் செத்திருக்கும் விடுங்கம்மா என்றார்கள். இருக்கலாம். ஆனால் நான் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் இல்லை.

உன் மாமாதான் கண்டுபிடித்தார். வலைக்குள் படுத்தபடியே, "ஏய், என் கோட்டுப் பைக்குள்ள பாத்தியா?" என்றார். ஆணியில் தொங்கிய கருப்புக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறார். பையின் ஓரத்தை விரலால் மெல்ல விலக்கினேன். உள்மடிப்பில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் சிவப்பு இல்லை, மெலிந்து வெளுத்திருந்தாள். பின்னங்காலை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். குழலை வைத்து உறிஞ்சினேன். சத்தமே இல்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

டப்பாவில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். இவ்வளவு சின்னதிடம் நான் ஐந்து நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

இவள்தான் அவளா என்று எனக்குத் தெரியாது. ஐஸ் போட்ட பெட்டியில் மருமகனே கொண்டு வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதம். பார்த்துச் சொல். சொல்கிற வரைக்கும் மகளை அந்த வீட்டுப் படி இறங்க விடமாட்டேன், நாங்களும் தேடுவதை நிறுத்தப் போவதில்லை.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

அவள்தான்.

கால்களைத் தனியாக, தலையைத் தனியாக, வயிற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். வைரஸ் வயிற்றில் இருக்கிறது. நிறையவே இருக்கிறது, அங்கே பெருகியிருக்கிறது. கால்களில் இல்லை. தலையில் இல்லை. குடலின் சுவரை அது இன்னும் தாண்டவில்லை. தாண்டியிருக்குமா, எப்போது, எனக்குச் சொல்லத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பாதி வழியில் நின்றிருந்தது.

நான் இத்தனை நாள் லேபில் பார்த்ததெல்லாம் நாங்கள் ஏற்பாடு செய்தது. நாங்கள் வைத்த ரத்தம், நாங்கள் வைத்த சவ்வு. இது யாரும் ஏற்பாடு செய்யாதது. மாமா ஒரு கடல் தாண்டிச் சுமந்து வந்ததை, உன் தெருவில் பிறந்த ஒருத்தி எடுத்து, தன் உடம்புக்குள் வைத்து வளர்த்துக்கொண்டு, அவர் கோட்டுப் பையிலேயே காத்திருந்திருக்கிறாள். இதைத் துறைத் தலைவி அம்மாவிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முடிவுத் தாளை இன்னொரு முறை படித்தார்.

இன்னும் வேறு கொசு கடித்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். தெருவில் யாருக்காவது காய்ச்சல், தடிப்பு என்றால் உடனே சொல். வாண்டுவுக்கு இப்போதும், அடுத்த மாதமும் ரத்தம் பார்க்கச் சொல்.

தம்பி

அக்டோபர் 9

தம்பிக்கு,

போனில் நீ விஷயத்தைக் கேட்டுக்கொண்டாய். ஆனால் சிலது எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. போனில் சொன்னால் காற்றோடு போகிறது.

குழந்தை பிறந்ததும் நர்ஸ் தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். எல்லாக் குழந்தைக்கும் அளப்பதுதான் என்றார்கள். எனக்கு அது எல்லாக் குழந்தையும் இல்லை. மகளின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை, ஸ்கேனெல்லாம் சரி என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும் என் கண் அந்த டேப்பை விட்டு நகரவில்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ அளந்திருக்கிறேன், கயிறு, குழாய், தார்ப்பாய். டேப் ஒரு தலையைச் சுற்றி வந்து சேர இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. நர்ஸ் எண்ணைச் சொன்னார். எனக்கு எண் காதில் விழவில்லை. "சரியா இருக்கும்மா" என்றது மட்டும் விழுந்தது. உன் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. நாம் செய்ததால் நடக்காமல் போனதா, நாம் செய்யாவிட்டாலும் நடந்திருக்காதா? விற்றது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியும். நடக்காததை நான் எந்தத் தராசில் வைப்பேன்? தெருவில் இத்தனை வீடு. டயர் கடைக்காரரின் மருமகளும் உண்டாகியிருந்தாளாம், எனக்கே பிறகுதான் தெரியும். அவளுக்கும் நேற்று முன்தினம் பையன். நல்ல கனம். அவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் இனிப்போடு வந்து, "எங்க தார்ப்பாய் கலரு நல்லா இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன்.

இன்று காலை பேத்தியை மாடியில் படுக்க வைத்திருந்தோம். வலை ஒரு ஓரம் விலகியிருந்திருக்கிறது, யார் விலக்கினார்கள் என்று தெரியவில்லை. சிணுங்கினாள். போய்ப் பார்த்தால் பாதத்தில் சின்னதாகச் சிவந்து எழும்பியிருந்தது. அவளுக்கு இந்த உலகத்தில் முதல் கடி. பக்கத்துச் சுவரில் கொசு, வெள்ளை வளையக் கால், வயிறு நிறைந்து, பறக்கச் சோம்பி உட்கார்ந்திருந்தது. உடனே அடிக்கக் கை எழவில்லை. அதற்குள் எத்தனை மதில், எத்தனை வழி என்று நீ எழுதியதெல்லாம் நினைவில் ஓடியது. பிறகு அடித்தேன்.

உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம். நம் வீட்டு ரத்தம். அதில் வேறு யாரும் இல்லை.

அக்கா